ஆசி வாங்காமல் கிளம்பிய பேருந்து

ஒகோவா மலையூரில் பெர்சியோ கசாதோவின் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் தாடையைத் தடவுவார்கள். ‘அம்மாவின் ஆசி’ ஓட்டுகிறாரே, அவர் வீடு என்று கேட்டால் தெருநாய்கூட வழிகாட்டிவிடும். அது ஒரு பச்சை நிறச் சிற்றுந்து. முன்கண்ணாடியின் மேல் வெள்ளை எழுத்தில் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு இருபத்திரண்டு வருடமாக ஒகோவாவுக்கும் தலைநகர் சாந்தோ தோமிங்கோவுக்கும் ஓடுகிறது. காலை ஐந்து மணிக்குக் கேரட் மூட்டைகளோடும் கோழிகளோடும் மலையிறங்கும். மாலையில் மாவு, மருந்து, மின்விசிறி என்று ஊரார் கேட்டதையெல்லாம் சுமந்துகொண்டு மூச்சு வாங்க மலையேறும்.

பெயரை ஒப்புக்கு எழுதி வைத்தவன் இல்லை பெர்சியோ. அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பெற்றவர்களிடம் ஆசி கேட்பார்கள். திரும்பி வந்தாலும் கேட்பார்கள், படுக்கப் போகும்போதும் கேட்பார்கள், தொலைபேசியை எடுத்ததும் நலம் விசாரிப்பதற்கு முன்னால் கேட்பார்கள். “ஆசி, மா” என்றால் “ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், மகனே” என்று பதில் வரும். இரண்டு விநாடி வேலைதான். ஆனால் அந்த இரண்டு விநாடி இல்லாமல் பெர்சியோ வாசற்படி தாண்டியது நாற்பத்தாறு வயதுக்குள் ஒரே ஒரு தடவைதான்.

அந்த ஒரு தடவை அவனுக்குப் பதினேழு வயது. ஏதோ நடன விழாவுக்கு அவசரம். ஆசி கேட்காமல் நண்பனின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போனவன், முதல் வளைவிலேயே வாழைத்தோப்புக்குள் பாய்ந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டான். அம்மா தோமசீனா ஆஸ்பத்திரிக்கு வந்தாள், கட்டைப் பார்த்தாள், அழவில்லை. டாக்டரிடம், “எலும்பை நீங்க பாத்துக்கங்க. மத்ததை நான் வீட்ல பாத்துக்கறேன்” என்று மட்டும் சொன்னாள். வீட்டில் அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்பதை பெர்சியோ இன்றுவரை யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை.

தோமசீனா அப்படிப்பட்டவள்தான். கணவன் செத்தபோது கடைசிப் பிள்ளை பெர்சியோவுக்கு ஒன்பது வயது. ஐந்து பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பருவத்தில் காப்பிப் பழம் பறித்தாள், மற்ற நாளில் பாலும் சர்க்கரையும் காய்ச்சி இனிப்புத் துண்டு போட்டு விற்றாள். பிள்ளைகள் வளர்ந்ததும் நாலு பேர் ஒவ்வொருவராகக் கடல் தாண்டிவிட்டார்கள். இரண்டு பேர் ஸ்பெயினில், ஒருத்தன் பாஸ்டனில், மூத்தவள் சுனில்டா நியூயார்க்கில். பெர்சியோ மட்டும் அம்மாவோடு அதே தகரக்கூரை வீட்டில் தங்கினான், மிக்டாலியாவைக் கட்டிக்கொண்டு இரண்டு பெண்களைப் பெற்றான், அவர்களையும் அங்கிருந்தே கட்டிக் கொடுத்தான். தாய்க்காகத் தங்கிவிட்ட தியாகி என்று பங்குச்சாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் அவனைப் புகழப் போக, அவன் வெளியே வந்து விழுந்து விழுந்து சிரித்தான். தினமும் நாலரை மணிக்கு அம்மா கையால் காப்பி வாங்கிக் குடிக்கிறவன் என்ன தியாகம் பண்ணிவிட்டான் என்பது அவன் கேள்வி. அவன் அப்படித்தான் நினைத்தான், அதில் பாசாங்கு இல்லை.

அப்படிப்பட்டவனுக்குத்தான் போன மார்ச்சில் அந்தக் கடிதம் வந்தது. பதினாலு வருடத்துக்கு முன் சுனில்டா தம்பிக்காகப் போட்டிருந்த குடியேற்ற மனு வரிசையில் நகர்ந்து நகர்ந்து முன்னுக்கு வந்துவிட்டது. ஏப்ரல் பதினெட்டாம் தேதி, காலை பத்து மணி, மனைவியோடு தூதரகத்துக்கு நேர்காணலுக்கு வரவேண்டும். பெர்சியோ கடிதத்தை வண்டியின் கருவிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினான். வண்டி இன்னும் இரண்டு வருடம் தாங்காது, இன்னொன்று வாங்க வழியில்லை, இந்த வயதில் வேறு தொழிலும் தெரியாது. போக வேண்டும் என்று புத்தி சொன்னது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

சொன்னால் அவள் “போகாதே” என்பாள். அவள் ஒரு தடவை போகாதே என்றால் அதைத் தாண்டும் கால் அவனிடம் இல்லை. பொய் சொல்லிவிட்டுப் போகலாமென்றால், அம்மா முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லும் நாக்கும் அவனிடம் இல்லை. மருத்துவப் பரிசோதனை, புகைப்படம், முத்திரை என்று எத்தனையோ வேலை. தினமும் தலைநகருக்குப் போகிறவன்தானே, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று மிக்டாலியாவிடம் ஒரு மாதத்தை ஓட்டினான். கடைசியில் பதினேழாம் தேதி படுக்கையில் அவளிடம் தன் திட்டத்தைச் சொன்னான். காலையில் அம்மாவைப் பார்க்காமலே கிளம்பிவிடுவது. விசா கிடைக்காவிட்டால் சொல்லவே வேண்டாம். கிடைத்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

“நாப்பத்தாறு வயசு, பேரப்பிள்ளை பொறந்தாச்சு” என்றாள் மிக்டாலியா. “இன்னும் அம்மாவுக்குப் பயந்து சுவரேறிக் குதிக்கிற ஆளைத்தான் நான் கட்டியிருக்கேன்.” சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் நாலு மணிக்கே எழுந்து, தன் சொந்த வண்டியைத் தானே திருடுகிறவன்போல விளக்குப் போடாமல், இன்ஜினை முடுக்காமல், கைப்பிரேக்கை மட்டும் விடுவித்துச் சரிவில் உருட்டிக்கொண்டு இறங்கினான் பெர்சியோ. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உடுத்தும் நீலச் சட்டை. பக்கத்தில் கோவில் உடையில் மிக்டாலியா, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு. சர்ச் மைதானம் வந்த பிறகுதான் இன்ஜினை முடுக்கினான். நடத்துநர் கீக்கோ அங்கே காத்திருந்தான். அறுபதை நெருங்குகிற ஆள், வாய் மட்டும் இருபதில் நின்றுவிட்டது. நீலச் சட்டையையும் கோவில் உடையையும் பார்த்தான், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டான். பதினைந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு ஐந்துக்கு வண்டி கிளம்பியது.

மலை இறங்க நாற்பது நிமிடம். அன்று பெர்சியோ ஓட்டியது அவனுக்கே பிடிக்கவில்லை. முதல் வளைவில் பிரேக் தாமதமாகப் பிடித்ததுபோல் இருந்தது. மூன்றாவது வளைவில் எதிரே வந்த லாரி உரசிக்கொண்டு போனதுபோல் இருந்தது. இரண்டும் மனப்பிரமைதான். பழைய காறை எலும்பு விண் விண் என்று தெறித்தது. மலைப்பாதை நெடுஞ்சாலையில் சேரும் முக்கில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

என்ன கோளாறு என்று பின்னாலிருந்து கேட்டார்கள். மிக்டாலியா ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததை எழுந்து நின்று ஒரே மூச்சில் சொன்னாள். “வண்டிக்கு ஒண்ணும் இல்ல. இவரு இன்னைக்கு அம்மாகிட்ட ஆசி வாங்காம வந்துட்டாரு. வேணும்னே வாங்காம வந்தாரு.” நேர்காணல், கடிதம், சரிவில் உருட்டியது எல்லாவற்றையும் கொட்டினாள்.

பேருந்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கீக்கோ கீழே இறங்கிப் போய் வண்டியின் நெற்றியைப் பார்த்து, எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்துவிட்டுத் திரும்பி வந்தான். பெர்சியோவின் முகத்தில் ஈயாடவில்லை. அமைச்சகத்தில் வேலையாகப் போய்க்கொண்டிருந்த பள்ளி ஆசிரியர் அன்செல்மோ, இது தொலைபேசிக் காலம், ஒரு போன் போட்டுக் கேட்டால் தீர்ந்தது என்றார். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. மிக்டாலியா மாமியாருக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்திக் கணவன் வாயருகே பிடித்தாள்.

“ஆசி, மா” என்றான் பெர்சியோ.

“யாரு?” என்றது போன்.

“நான்தாம்மா. பெர்சியோ.”

“பெர்சியோன்னு எனக்கு ஒரு மகன் இருந்தா காலையில காப்பி குடிக்க வந்திருப்பானே. ராங் நம்பர்” என்று தோமசீனா வைத்துவிட்டாள்.

சிரித்தது கீக்கோ ஒருவன்தான், அவனும் பாதியில் நிறுத்திக்கொண்டான். சந்தைக்குப் போகிற கேரட்டுக்காரி லூர்தேஸ் மடியில் கோழியை இறுக்கிப் பிடித்தபடி எழுந்தாள். வண்டியைத் திருப்பினால் உங்களுக்கெல்லாம் நேரமாகுமே என்று பெர்சியோ முனகியதை அவள் காதில் வாங்கவில்லை. “நேரமானா ஆகட்டும். ஆசி இல்லாத டிரைவர்கூட நெடுஞ்சாலையில ஏற எனக்கு என்ன பைத்தியமா? ஒண்ணு வண்டியத் திருப்பு, இல்ல என்னை இங்கயே இறக்கி விடு.” ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், நெடுஞ்சாலையில் பறக்கிற கண்டெய்னர் லாரிகளைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துகொண்டார். பல் பிடுங்கக் கிளம்பியிருந்த ஒருத்தி தனக்கு அவசரமே இல்லை என்றாள். வண்டி திரும்பியது.

ஏறும்போது பெர்சியோவின் மனது எதிர்ப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது மணி ஆறு. வீடு போக ஆறே முக்கால். அம்மா போகாதே என்றால் அதோடு தீர்ந்தது, பதினாலு வருடம் தண்ணீரில் போட்ட உப்பு. போ என்று சொல்ல அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது? நாலு பேரை அனுப்பியவள் அவள். ஒவ்வொருவர் போன நாளிலும் தண்ணீர்த் தொட்டியருகே நின்று பாத்திரத்தைத் தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்ததை அவன் பார்த்திருக்கிறான். ஐந்தாவது பாத்திரம் தேய்க்கச் சொல்லி அவளிடம் எந்த வாயால் கேட்பது?

வீட்டு வாசலில் தோமசீனா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுபத்தாறு வயது. சாம்பல் நிறப் பூசை உடை, காலில் மூடிய செருப்பு, மடியில் கைப்பை. பக்கத்தில் அடுப்பிலிருந்து இறக்கிய பெரிய பாத்திரம் நிறையக் காப்பி. எத்தனை பயணிகள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. முக்காலியில் இருபது கிளாஸ் கவிழ்த்து வைத்திருந்தாள். இறங்கியவர்கள் ஒவ்வொருவரும் அவளுக்கு வணக்கம் சொல்லிக் காப்பி எடுத்துக்கொண்டார்கள். பெர்சியோ கடைசியாக இறங்கி, முன்னால் வந்து நின்றான். இந்த வயதிலும் அம்மாவை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவான், வேடிக்கைக்குக்கூட மாற்றியதில்லை.

“ஆசி, மா.”

தோமசீனா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பதில் சொல்லவில்லை. பதில் வராத ஆசி எப்படி இருக்கும் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

“எதுக்கு ஆசி? எங்க கிளம்பியிருக்கே?” என்றாள் கடைசியில்.

“தூதரகத்துக்கும்மா. சுனில்டா போட்ட மனு வந்திருக்கு. நீங்க போகாதேன்னு சொல்லிருவீங்களோன்னு...”

“சுனில்டாவ மனு போடச் சொன்னது யாருன்னு நினைக்கறே?”

பெர்சியோவுக்குப் புரியவில்லை. தோமசீனா நிதானமாகச் சொன்னாள். பதினாலு வருடத்துக்கு முன்னால் சுனில்டா விடுமுறைக்கு வந்திருந்தபோது இதே வாசலில் வைத்து அம்மாதான் சொல்லியனுப்பினாள். வரிசை நீளம், இப்போதே போட்டு வை, இவன் நான் இருக்கிறவரை வாயைத் திறந்து கேட்கமாட்டான் என்று. கடிதம் வந்த அன்றே சுனில்டா போனில் சொல்லிவிட்டாள். ஒரு மாதமாக இவன் இன்றைக்குச் சொல்வான், நாளைக்குச் சொல்வான் என்று காப்பியை நீட்டி நீட்டி அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அஞ்சு பெத்தேன். நாலு பறந்துச்சு. அஞ்சாவதை மட்டும் பதினாலு வருஷம் எனக்குன்னு வச்சிருந்தேன்” என்றாள். “வயிறு நிறையச் சாப்பிட்டாச்சுடா. சுனில்டாவுக்கு முட்டி தேஞ்சு போச்சு, டிசம்பர்ல வேலைய விட்டுட்டு இங்கயே வர்றா. அவ என்னோட உக்காந்து காப்பி குடிக்கட்டும். நீ போய்ப் பனி அள்ளு.”

பெர்சியோ அம்மாவின் முன்னால் மண்டியிட்டு, அவள் மடியில் கைப்பையோடு சேர்த்து முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவ்வளவு பெரிய ஆள் குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்த்துக் கேரட்டுக்காரியும் மூக்கைச் சிந்தினாள். பயந்தது எதற்கு, ஒளிந்தது யாரிடமிருந்து என்று நினைக்க நினைக்க அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு நிறைந்தும் இருந்தது. இப்படி ஒருத்தி தன்னைப் பெற்றாளே என்று இருந்தது. தோமசீனா அவன் தலையில் கை வைத்தாள். ஆனால் ஆசியைச் சொல்லாமல் எழுந்து, கிளாஸ்களை எடுத்து வைத்துவிட்டு, வண்டியின் முன்சீட்டைப் பார்த்து நடந்தாள்.

“இங்க குடுத்தா வழியில எங்கயாவது சிந்திருவே. அந்தத் தூதரக வாசல்ல வச்சுத் தர்றேன், ஓட்டு” என்றாள். மிக்டாலியா சத்தம் போடாமல் பின்சீட்டுக்கு நகர்ந்துகொண்டாள்.

வழியில் யாரையும் இறக்கிவிட வேண்டியிருக்கவில்லை. ஆசிரியரும் பல்வலிக்காரியும்கூடத் தங்கள் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்கிறோம், முதலில் தூதரகத்துக்கு விடு என்று சொல்லிவிட்டார்கள். பத்துக்குக் கால் மணி இருக்கும்போது வண்டி போய் நின்றது. வெளியே நடைபாதையில் கயிறு கட்டிய வரிசை. கையில் கோப்பு, இஸ்திரி போட்ட சட்டை, ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. நேர்காணல் உள்ளவர்களைத் தவிர யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது என்றார் காவலர். தோமசீனா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

“ஆசி, மா.”

“ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், மகனே. சட்டைக் காலரைச் சரி பண்ணு.” மிக்டாலியாவும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவர்களுக்குப் பின்னால் நெடுநெடுவென்று ஒருவன் நின்றிருந்தான். தென்பக்கத்து விவசாயி, கோப்பை மார்போடு அணைத்திருந்தான். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, என் அம்மா போய் இரண்டு வருஷமாச்சு, எனக்கும் ஒன்று கொடுப்பீர்களா என்று கேட்டான். பேர் என்ன என்றாள் தோமசீனா. பேர் சொல்லாமல் கொடுத்தால் ஆசி வேறு வீட்டுக்குப் போய்விடும் என்பது அவள் கட்சி. அவன் பேரைச் சொன்னான், வாங்கிக்கொண்டான். அவனுக்கு அடுத்து நின்ற இளம்பெண் கேட்டாள். அதற்கடுத்தவரும் கேட்டார். பெர்சியோ உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தான். அம்மா கயிற்றோரமாக ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டுக்கொண்டே நகர்ந்துகொண்டிருந்தாள். முன்பின் தெரியாதவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவள் தங்களிடம் வருவதற்காகக் காத்திருந்தார்கள். நாற்பத்தாறு வருடமாகத் தினம் காலையில், காப்பியோடு சேர்த்து, கேட்ட உடனே தனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது இதுதானா என்று அவனுக்கு உறைத்தது. உள்ளே அதிகாரி ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டபோது, சந்தோஷமாக இருக்கிறேன் ஐயா என்றுதான் அவனால் சொல்ல முடிந்தது.

பன்னிரண்டரைக்கு இருவரும் வெளியே வந்தார்கள். காலை வரிசை போய் மதிய வரிசை வந்திருந்தது. தோமசீனா இன்னும் அங்கேதான் நின்றாள், யாரோ அவள் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“குடுத்துட்டாங்கம்மா” என்றான் பெர்சியோ.

அவள் தலையை ஆட்டினாள். கைப்பையைத் திறந்தாள், எதையும் எடுக்காமல் மூடினாள். “அப்ப கேளு” என்றாள். “வெளிய வந்தவன் கேக்கணும்னு தெரியாதா?”

“ஆசி, மா.”

காலையிலிருந்து நூறு பேருக்கு மடமடவென்று சொன்ன வாய்தான். இப்போது திறந்தது, சத்தம் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள், மகனுடைய காலரைப் பிடித்துக்கொண்டாள். குடை பிடித்தவர், காவலர், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பெர்சியோ அவசரப்படுத்தவில்லை. அவள் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமானாலும் நிற்பதாகத்தான் நின்றான்.

“ஆண்டவர்...” என்று ஆரம்பித்தாள் தோமசீனா.